பதினெட்டு வயதில் ஓட்டுநர் உரிமம்: பிரீமியத்தில் தெரியாத செலவுகள்

ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் மூலையில், சித்தூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது குப்பம். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் கேட்கும் ஊர் இது. திராவிடப் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இங்கு இருப்பதால் இளைஞர்களின் நடமாட்டம் மிகுதி. கிருஷ்ணகிரிக்கும் பலமனேருக்கும் கோலார் தங்கவயலுக்கும் வண்டியில் சென்று வருவது இப்பகுதிக் குடும்பங்களுக்கு அன்றாட நிகழ்ச்சி. ஆகவே, மகனோ மகளோ பதினெட்டு வயதை எட்டியதும் ஓட்டுநர் உரிமம் பெறுவது வீட்டின் முக்கிய அலுவல்களில் ஒன்றாகிவிடுகிறது.

அப்போது பெற்றோர் மனத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளையும் காரை ஓட்டத் தொடங்கினால் இன்சூரன்ஸ் செலவு எவ்வளவு கூடும்?" பெரும்பாலான குடும்பங்களில், கட்டாயக் காப்பீட்டுக்கான பிரீமியம் ஒரு ரூபாய்கூடக் கூடாது. இவ்விடை மகிழ்ச்சி தருவதாகத் தோன்றினாலும், அதை நம்பி அமைதியாக இருந்துவிடுவது பொருந்தாது. புதிய ஓட்டுநரால் வரும் செலவு பிரீமியத்தில் தெரிவதில்லை. விபத்து நேர்ந்த பிறகே வெளிப்படுகிறது. அச்செலவு எங்கெங்கே மறைந்திருக்கிறது என்பதையும், அதைக் குறைக்கும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிரீமியம் எதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது?

கார் காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலாவது, மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்பை இது ஏற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின்படி இது கட்டாயமாகும். இக்காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் முறை ரூ. 2,000, அடுத்த முறை ரூ. 4,000 அபராதமோ, மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இரண்டாவது, சொந்த சேதக் காப்பீடு. நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்தையும் திருட்டையும் இது ஈடுசெய்கிறது. இது அவரவர் விருப்பம். எனினும் வங்கிக் கடனில் வாங்கிய வண்டிக்கு இதுவும் இருக்க வேண்டும் என்பதே கடன் ஒப்பந்தங்களின் வழக்கமான நிபந்தனை.

மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான கட்டணத்தை மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1,000 சி.சி.க்கு மிகாத தனியார் காருக்கு ஆண்டுக்கு ரூ. 2,094, 1,000 முதல் 1,500 சி.சி. வரை ரூ. 3,416, அதற்கு மேற்பட்ட காருக்கு ரூ. 7,897. இரு சக்கர வாகனங்களில் 75 முதல் 150 சி.சி. வரையிலானவற்றுக்கு ரூ. 714, 150 முதல் 350 சி.சி. வரை ரூ. 1,366. இத்தொகைகளுடன் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும். எடுத்துக்காட்டாக, 1,197 சி.சி. எஞ்சின் உள்ள காருக்குக் கட்டணம் ரூ. 3,416; வரி ரூ. 615, மொத்தம் ஏறத்தாழ ரூ. 4,031.

இந்தக் கணக்கில் எஞ்சினின் அளவு மட்டுமே இடம்பெறுகிறது. ஓட்டுபவரின் வயது எங்கும் இடம்பெறவில்லை. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள தந்தை ஓட்டினாலும், நேற்று உரிமம் பெற்ற மகள் ஓட்டினாலும் தொகை ஒன்றே.

சொந்த சேதக் காப்பீட்டின் கட்டணம் காப்பீட்டு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய கட்டண அட்டவணை நாட்டை இரு மண்டலங்களாகப் பிரித்தது. பெங்களூரு, சென்னை, ஹைதராபாத் உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் 'ஏ' மண்டலம்; குப்பம், சித்தூர், திருப்பதி உட்பட ஏனைய பகுதிகள் 'பி' மண்டலம். ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்ட, 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு 'ஏ' மண்டலத்தில் வண்டி மதிப்பில் 3.283 விழுக்காடும், 'பி' மண்டலத்தில் 3.191 விழுக்காடும் அடிப்படை விகிதமாக இருந்தன. 2007 ஜனவரி முதல் கட்டணக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதால் நிறுவனங்கள் தம் விருப்பப்படி தள்ளுபடி தருகின்றன. முன்மொழிவுப் படிவத்தில் ஓட்டுபவரின் வயது, முந்தைய விபத்துகள் பற்றிய கேள்விகள் இருந்தால் உண்மையையே எழுத வேண்டும். அங்கு மறைத்த செய்தி, இழப்பீடு கோரும்போது நமக்கு எதிராகத் திரும்பும்.

வெளிநாடுகளில் நிலை வேறு

கனடாவிலோ பிரிட்டனிலோ உறவினர் உள்ள குடும்பங்கள் வேறு விதமான செய்தியைக் கேட்டிருக்கும். அங்கெல்லாம் பிரீமியம் வண்டியுடன் ஓட்டுபவரையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. பதினேழு, பதினெட்டு வயதினருக்குக் கட்டணம் பன்மடங்கு உயர்ந்திருக்கும்; காரின் விலையை நெருங்கும் பிரீமியமும் அங்கு வியப்புக்குரியதன்று. அதனைக் குறைக்க, பிரிட்டனில் வேகத்தையும் பிரேக் போடும் முறையையும் பதிவுசெய்யும் கருவியைக் காரில் பொருத்திக்கொள்கின்றனர். அமெரிக்காவில் நல்ல மதிப்பெண் பெறும் மாணவருக்குத் தள்ளுபடி தரும் நிறுவனங்கள் பல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1994 முதல் உரிமமே படிப்படியாக வழங்கப்படுகிறது.

இந்தியாவிலும் சிறிய அளவில் ஒரு தொடக்கம் உண்டு. 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஓட்டும் தொலைவுக்கும் ஓட்டும் முறைக்கும் ஏற்பக் கட்டணம் வசூலிக்கும் கூடுதல் காப்பீடுகளைச் சொந்த சேதப் பகுதியில் அனுமதித்தது. நிதானமாக ஓட்டும் இளைஞர் உள்ள வீடு இதனைப் பரிசீலிக்கலாம்.

பிரிட்டனில் ஒரு தந்தை தன் மகனுக்குக் காரைக் கொடுக்குமுன் பிரீமியத்தைப் பார்த்தே தயங்குவார். நம் நாட்டில் அந்தத் தயக்கத்தை உண்டாக்கும் விலைச்சீட்டு இல்லை. ஆனால் ஆபத்து அதே ஆபத்துதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 18 முதல் 45 வயது வரையிலானோர் 66.5 விழுக்காட்டினர்.

முதல் மறைசெலவு: உரிமம் இல்லாத நாள்

காப்பீட்டு ஆவணத்தில் 'ஓட்டுநர் விதி' என ஒரு பகுதி உண்டு. விபத்து நேர்ந்த நேரத்தில், செல்லத்தக்க உரிமம் உள்ளவர் ஓட்டியிருந்தால்தான் காப்பீடு முழுமையாகப் பயன்படும் என்பது அதன் சாரம். உரிமம் அந்த வகை வண்டிக்கு உரியதாகவும் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் உரிமம் பெற்றவர் கார் ஓட்டினால், காரைப் பொறுத்தவரை அவர் உரிமம் இல்லாதவரே.

சட்டப்படி கார் ஓட்ட 18 வயது நிறைவடைய வேண்டும். 16 வயதில் உரிமம் பெறக்கூடியது 50 சி.சி.க்கு மிகாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே. இன்று வீடுகளில் உள்ள 100, 110, 125 சி.சி. ஸ்கூட்டர்கள் எதுவும் இந்த வரம்புக்குள் வாரா. டியூஷனுக்கு அவ்வண்டியில் போகும் பதினோராம் வகுப்பு மாணவர் சட்டத்தின் பார்வையில் உரிமமற்ற ஓட்டுநர்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு இவ்விடயத்தில் கடுமையானது. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், அவருடைய காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, ரூ. 25,000 அபராதம், பன்னிரண்டு மாதங்களுக்கு வண்டியின் பதிவு ரத்து ஆகியவை அதன் விளைவுகள். அந்தச் சிறார் 25 வயது வரை உரிமம் பெறவும் இயலாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்ததாகவோ மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரியவரையே சாரும்.

இதனினும் பெரிய சுமை இழப்பீட்டில் உள்ளது. மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்புக்குப் பண வரம்பு இல்லை. தனியார் காரால் விளையும் பொருட்சேதத்துக்கு வரம்பு ரூ. 7,50,000. ஆனால் ஓட்டியவருக்கு உரிமம் இல்லை எனில் இந்தப் பாதுகாப்பு உரிமையாளரை விட்டு விலகக்கூடும். 2004-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதுபற்றி விரிவாக ஆராய்ந்தது. பாதிக்கப்பட்டவர் கைவிடப்படக் கூடாது என்பதால் நிறுவனம் முதலில் பணத்தைச் செலுத்தி, பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும் முறை இத்தகைய வழக்குகளில் பின்பற்றப்பட்டு வருகிறது. 2011-இல் அதே நீதிமன்றத்துக்கு வந்த மற்றொரு வழக்கில், சிறுவன் வீட்டுக்கு வந்து சாவியை எடுத்துச் சென்றுவிட்டான் என உரிமையாளர் வாதிட்டார். தம் மோட்டார் சைக்கிளை உரிமமற்ற சிறுவன் தவறாகப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பே என்று நீதிமன்றம் கூறிவிட்டது. வீட்டில் சாவி தொங்கும் ஆணியும் காப்பீட்டின் ஒரு பகுதி என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

பழகுநர் உரிமம் பெற்றவரின் நிலை என்ன? எல்.எல்.ஆர். எனப்படும் அவ்வுரிமமும் செல்லத்தக்க உரிமமே. 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவ்வாறே கூறுகிறது. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3-ஆம் விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். முழு உரிமம் பெற்ற ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் உடன் அமர்ந்திருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து முன்னும் பின்னும் தெரிய வேண்டும். பழகுநர் தனியாகக் காரை எடுத்துச் செல்வது காப்பீட்டுக்கு நேரும் ஊறு.

இரண்டாம் மறைசெலவு: ஓட்டுபவரின் உயிர்

காப்பீட்டுடன் 'உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு' என ரூ. 15 லட்சத்துக்கான ஒரு பகுதி இருப்பதைப் பலர் அறிவர். அதன் பெயரையே கூர்ந்து படிக்க வேண்டும். வண்டி எவர் பெயரில் உள்ளதோ அவருக்கு, அவரிடம் உரிமமும் இருந்தால் மட்டுமே, அது பொருந்தும். தந்தையின் காரை மகன் ஓட்டிச் சென்று மரத்தில் மோதினால், அந்த ரூ. 15 லட்சம் மகனுக்குக் கிடைக்காது. தாயின் பெயரில் கார் வாங்கி, அவருக்கு உரிமம் இல்லாதிருந்தால், இப்பகுதி எவருக்குமே பயன்படாது.

மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்தாவது கிடைக்குமா எனில், அதற்கும் வழியில்லை. இரவல் வாங்கிய வண்டியை ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவரே; அவர் மூன்றாம் நபர் ஆகார் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியது; 2020-இலும் இதனை உறுதிசெய்தது. எனவே, புதிய ஓட்டுநர் தம் பிழையால் தாமே காயமுற்றால், அவருக்கெனத் தனிக் காப்பீடு எடுத்திருந்தாலன்றி ஒன்றும் கிடைக்காது.

இந்த இடைவெளியை நிரப்புவது எளிது. பிள்ளையின் பெயரில் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றை எடுக்கலாம். அதற்கு முதற்படியாக, வங்கிக் கணக்கு வழியாகவே சேரக்கூடிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா உள்ளது. 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். ஆண்டுப் பிரீமியம் ரூ. 20, விபத்தில் உயிரிழப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் ரூ. 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு ரூ. 1 லட்சம். காப்பீட்டுக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. பிரீமியம் கணக்கிலிருந்து தானே பற்று வைக்கப்படும். அந்நாளில் இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு தொடராது. உரிமம் பெறும் வயதும் இத்திட்டத்தில் சேரும் வயதும் ஒன்றாக இருப்பதால், இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். ரூ. 2 லட்சம் போதுமானதன்று. அதற்கு மேலான தொகைக்குத் தனிக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் தேவை.

மூன்றாம் மறைசெலவு: நோ கிளெய்ம் போனஸ்

புதிதாக ஓட்டுபவர் கையில் பெரிய விபத்தைவிடச் சிறிய உரசல்களே மிகுதி. குறுகலான தெருவில் பம்பர் உரசும். பின்னோக்கி எடுக்கும்போது தூணில் இடிக்கும். ஒவ்வொரு முறையும் இழப்பீடு கோருவது இலாபமா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குச் சொந்த சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு எனத் தள்ளுபடி ஏறிச் செல்கிறது. ஒருமுறை கோரினால், அடுத்த புதுப்பிப்பில் அது சுழியத்துக்கு இறங்கிவிடும். ஒரு குடும்பத்தின் சொந்த சேதப் பிரீமியம், தள்ளுபடிக்கு முன் ரூ. 12,000 என்றும், அவர்கள் 50 விழுக்காடு பெறுகின்றனர் என்றும் கொள்வோம். அவர்கள் செலுத்துவது ரூ. 6,000. இழப்பீடு கோரிய பின் வரும் புதுப்பிப்புகளில் முறையே ரூ. 12,000, 9,600, 9,000, 7,800, 6,600 எனச் செலுத்தி, ஆறாவது புதுப்பிப்பில்தான் மீண்டும் ரூ. 6,000-ஐ அடைவர். ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகச் செல்வது 6,000 + 3,600 + 3,000 + 1,800 + 600 = ரூ. 15,000. ஜி.எஸ்.டி.யுடன் ரூ. 17,700. வண்டி பழையதாக ஆக மதிப்பும் பிரீமியமும் குறையும் என்பதால் உண்மைத் தொகை இதைவிடச் சற்றுக் குறையலாம்.

இனி வரவைப் பார்ப்போம். பம்பர் மாற்ற ஒர்க்‌ஷாப் தந்த பில் ரூ. 14,000, அதில் பம்பரின் விலை ரூ. 8,000, ஏனையவை ரூ. 6,000 என்போம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும், ஆகவே ரூ. 4,000 குறையும். 1,500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு ரூ. 1,000. நிறுவனம் தருவது ஏறத்தாழ ரூ. 9,000. ஒன்பதாயிரம் பெறுவதற்காகப் பதினேழாயிரத்துக்கு மேல் இழப்பது கணக்குக்கு ஒவ்வாது.

ஆகவே, பிள்ளை ஓட்டத் தொடங்கும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, சிறு பழுதுகளுக்கென ரூ. 15,000 அளவில் ஒரு தொடர் வைப்பைத் தனியே வளர்ப்பது நல்லது. பெரிய விபத்துக்குக் காப்பீடு. சிறிய உரசலுக்குச் சேமிப்பு. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்ரிசியேஷன்' கூடுதல் காப்பீடும் இக்காலத்துக்கு ஏற்றது. ஆனால் அதை எடுத்திருந்தாலும், இழப்பீடு கோரினால் போனஸ் போய்விடும் என்பது மாறாது. போனஸைக் காக்கும் கூடுதல் காப்பீடு தனியே உண்டு. அதில் எத்தனை கோரிக்கைகள் அனுமதிக்கப்படும் என்பதைக் கேட்டறிக.

கார் எவர் பெயரில் இருக்கட்டும்?

பழைய காரை மகன் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் வழக்கம் பெருகிவருகிறது. அப்போது தந்தை ஈட்டிய போனஸ் மகனுக்குச் செல்லாது. அது தந்தையுடையது, அவர் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு: மகன் உரிமையாளர் ஆவதால் ரூ. 15 லட்சம் விபத்துக் காப்பீடு அவருக்குப் பொருந்தும்.

வண்டி கடனில் இருந்தால், ஆர்.சி.யிலும் காப்பீட்டிலும் வங்கியின் அடமானக் குறிப்பு இருக்கும். பெயர் மாற்றத்துக்கு முன் வங்கியின் இசைவு தேவை. வண்டி முற்றிலும் சேதமடைந்தால் இழப்பீட்டுத் தொகை முதலில் கடனுக்கே செல்லும். மூன்றாம் ஆண்டில் ஒரு காரின் காப்பீட்டு மதிப்பு, விலையில் 30 விழுக்காடு தேய்மானம் கழித்துக் கணக்கிடப்படுவதால், நிலுவைக் கடன் அதைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. குறைந்த முன்பணத்தில் கார் வாங்கியோர், விலைப்பட்டியல் தொகையைத் திருப்பித் தரும் கூடுதல் காப்பீட்டைப் பற்றி விசாரிக்கலாம்.

எல்லை தாண்டும்போது

குப்பத்தில் எடுத்த காப்பீடு கிருஷ்ணகிரியிலும் பெங்களூரிலும் முழுமையாகச் செல்லும்; மாநில எல்லை அதைத் தடுக்காது. ஆனால் பெங்களூரில் படிக்கும் மகன் வண்டியை அங்கேயே பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி கர்நாடகப் பதிவு எண் பெற வேண்டும். பதிவு மாறும்போது காப்பீட்டிலும் அதைத் தெரிவிக்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் கவனத்துக்குரியது. நண்பர்களையும் அண்டை வீட்டாரையும் ஓன் போர்டு காரில் திருப்பதிக்கு அழைத்துச் சென்று வாடகை பெறுவது சிறு வருமானமாகத் தோன்றலாம். தனியார் காருக்கான காப்பீடு வாடகைப் பயன்பாட்டை ஏற்பதில்லை. உரிமம் சரியாக இருந்தாலும், அப்பயணத்தில் விபத்து நேர்ந்தால் கோரிக்கை மறுக்கப்படலாம். மது அருந்தி ஓட்டினாலும் அவ்வாறே.

சாவியைக் கொடுக்குமுன்

1. பிள்ளையின் உரிமம் அந்த வகை வண்டிக்கு உரியதா என்பதைப் பார்த்து, டிஜிலாக்கரில் சேமிக்கவும்.

2. பழகுநர் காலத்தில் உரிமம் பெற்றவர் உடன் இல்லாமல் வண்டியை அனுப்ப வேண்டாம்.

3. பிள்ளையின் பெயரில் சுரக்ஷா பீமாவும், இயன்றால் பெரிய தொகைக்கு விபத்துக் காப்பீடும் எடுக்கவும்.

4. காப்பீட்டைக் கெடு நாளுக்கு முன்பே புதுப்பிக்கவும். 90 நாட்களுக்கு மேல் இடைவெளி விழுந்தால் போனஸ் முழுவதும் போய்விடும். பிரீமியம் நிறுவனத்துக்குச் சேர்ந்த பிறகே பொறுப்பு தொடங்குகிறது. காசோலை திரும்பினால் காப்பீடு இல்லை என்பதே பொருள்.

5. விபத்து நேர்ந்தால் முதலில் காயமுற்றவருக்குச் சிகிச்சை. அடுத்துக் காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தகவல்.

பதினெட்டு வயதினருக்கும் ஐம்பது வயதினருக்கும் ஒரே கட்டணம் என்பது நம் நாட்டுக் காப்பீட்டு முறை இளைஞருக்குச் செய்யும் சலுகை. அச்சலுகையால் மிச்சமாகும் தொகையில் ஒரு சிறு பகுதியை அவரது பாதுகாப்புக்கே செலவிடுவது பெற்றோர் கடன்.